அயனித் திரவப் படிகம்: எந்த வேலைக்கு எது?

அயனித் திரவப் படிகங்களில் ஆய்வு தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இமிடசோலியம் எடுக்கலாமா, பாஸ்போனியம் எடுக்கலாமா?" என்பதுதான். வேதிப்பொருள் பட்டியல்கள் நேர் அயனியின் பெயரை வைத்தே வகை பிரித்திருப்பதால் அந்தக் கேள்வி தானாக வந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் அது கடைசியாக வர வேண்டிய கேள்வி. எந்த அயனி நகர வேண்டும், எந்தத் திசையில் நகர வேண்டும் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த நகர்வுக்கு ஏற்ற உள்ளமைப்பு அடுக்கா, தூணா, முப்பரிமாண வலையா என்பது அடுத்தது. அதற்குப் பிறகு எதிர் அயனி, அதாவது நேர் அயனிக்கு இணையாக வரும் எதிர்மின் அயனி. இவ்வளவும் முடிவாகிவிட்டால் நேர் அயனிக்கு இரண்டு மூன்று வாய்ப்புகள்தான் மிஞ்சும். இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் போகிறது.

முதலில், இது தேவைதானா?

சோடியம் குளோரைடு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். நேர் அயனியைப் பெரிதாக்கி, அதன் சமச்சீரைக் குலைத்து, மின்னூட்டத்தை ஓரிடத்தில் குவியாமல் பரவவிட்டால் அயனிகளால் நெருக்கமாக அடுக்கிக்கொள்ள முடியாது. உருகுநிலை மளமளவென்று இறங்கும். 1914-இல் பால் வால்டன் விவரித்த எத்தில் அம்மோனியம் நைட்ரேட் ஏறத்தாழ 12 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. 100 டிகிரிக்குக் கீழே உருகும் இப்படிப்பட்ட உப்புகளைத்தான் அயனித் திரவம் என்கிறோம்.

திரவப் படிகத்தின் வரலாறு அதைவிடப் பழையது. 1888-இல் ஃபிரெடரிக் ரெய்னிட்சர் கொலஸ்டிரைல் பென்சோயேட்டைச் சூடாக்கிப் பார்த்தார். 145.5 டிகிரியில் அது உருகிக் கலங்கலான திரவமானது. 178.5 டிகிரியில் அந்தக் கலங்கல் சட்டென்று தெளிந்தது. இடையில் இருந்த கலங்கல் நிலையில் மூலக்கூறுகள் திரவம்போல் ஓடின, ஆனாலும் படிகத்தின் திசை ஒழுங்கை முழுவதும் விட்டுவிடவில்லை. இந்த இரண்டு வரலாறுகளும் ஒரே சேர்மத்தில் சந்திக்கும் இடம்தான் அயனித் திரவப் படிகம். முழுக்க அயனிகளால் ஆனது, ஓடக்கூடியது, ஒழுங்கும் உடையது.

அப்படியானால் இதற்குப் போட்டி இரு பக்கமும் இருக்கிறது: ஒரு பக்கம் சாதாரண அயனித் திரவம், மறுபக்கம் மின்னூட்டமில்லாத சாதாரண திரவப் படிகம்.

வெறும் கடத்துதிறன்தான் உங்கள் தேவை என்றால் சாதாரண அயனித் திரவத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எத்தில் மீத்தைல் இமிடசோலியம் டெட்ராஃபுளோரோபோரேட் அறை வெப்பநிலையில் சென்டிமீட்டருக்குச் சுமார் 14 மில்லிசீமென்ஸ் தருகிறது. அயனித் திரவப் படிகங்கள் பலவற்றில் கிடைப்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. காரணம் வெளிப்படை. மூலக்கூறின் பாதிக்கு மேல் மின்சாரத்தைக் கடத்தாத கொழுப்புச் சங்கிலி (நீண்ட ஹைட்ரோகார்பன் வால்), அதோடு பாகுநிலையும் மிக அதிகம். ஒழுங்கு இருந்தால் கடத்துதிறன் தானாக உயர்ந்துவிடும் என்று நம்பி இந்தத் துறைக்குள் வருகிறவர்களுக்கு முதல் அளவீடே ஏமாற்றமாக இருக்கும்.

திரை செய்வதுதான் நோக்கம் என்றாலும் இது வேண்டாம். 1973-இல் ஜார்ஜ் கிரேயின் குழு வெளியிட்ட சயனோபைஃபினைல் வகைச் சேர்மங்கள் அறை வெப்பநிலையிலேயே நெமாட்டிக் நிலையில் (அடுக்கில்லாமல் ஒரே திசையை மட்டும் நோக்கும் நிலை) இருந்தன. அவற்றில் பென்டைல் சேர்மம் சுமார் 24 முதல் 35 டிகிரி வரை அந்த நிலையில் நிற்கும். அந்த வகைத் திரைகளில் அயனி என்பது அழுக்கு. மின்புலம் கொடுத்தால் மூலக்கூறு திரும்ப வேண்டும். அயனிகள் கலந்திருந்தால் அவை மின்முனைகளுக்குப் போய் ஒட்டிக்கொண்டு புலத்தை மறைத்துவிடும், பழைய படத்தின் நிழலும் திரையில் தங்கிவிடும். அயனித் திரவப் படிகத்தில் அந்த அழுக்கே பொருளாக இருக்கிறது.

பிறகு எதற்குத்தான் இது? அயனி ஒரு குறிப்பிட்ட திசையில் மட்டும் போக வேண்டும் என்றால். கடத்தும் பகுதியும் கடத்தாத பகுதியும் நானோமீட்டர் அளவில் மாறிமாறி வர வேண்டும் என்றால். ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த, எல்லாம் ஒரே அளவிலான துளைகள் வேண்டும் என்றால். அல்லது வேறொரு திடப்பொருளை இந்த ஒழுங்கையே வார்ப்பச்சாக வைத்து வார்க்க வேண்டும் என்றால். இவற்றில் ஒன்றாவது உங்கள் தேவையாக இருந்தால் மேலே படியுங்கள்.

அடுக்கா, தூணா, வலையா

ஹெக்சாடெசைல் மீத்தைல் இமிடசோலியம் உப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு முனையில் மின்னூட்டமுள்ள ஐந்தணு வளையம், மறுமுனையில் 16 கார்பன் நீளச் சங்கிலி. அயனித் தலைகள் எதிர் அயனிகளோடு நெருங்க விரும்புகின்றன. சங்கிலிகள் அவற்றோடு கலக்க மாட்டேன் என்கின்றன. தலைக்கும் சங்கிலிக்கும் இடையே பிணைப்பு இருப்பதால் எண்ணெயும் நீரும்போல முழுதாகப் பிரிந்து போகவும் முடியாது. ஆகவே நானோமீட்டர் அளவிலேயே பிரிகின்றன: ஓர் அயனி அடுக்கு, ஒரு சங்கிலி அடுக்கு, மறுபடி ஓர் அயனி அடுக்கு. இதுதான் ஸ்மெக்டிக் ஏ நிலை. அடுக்கின் மறுவரவுத் தூரம் பொதுவாக 2.5 முதல் 4 நானோமீட்டர் வரை இருக்கும்.

அயனித் திரவப் படிகங்களில் பெரும்பாலானவை இந்த நிலையில்தான் நிற்கின்றன. மூலக்கூறுகள் ஒரு திசையை மட்டும் நோக்கி, அடுக்கு எதுவும் இல்லாமல் மிதக்கும் நெமாட்டிக் நிலை இங்கே அபூர்வம். மின்னூட்ட ஈர்ப்பு அவ்வளவு வலுவாகத் தலைகளை ஒன்றுசேர்ப்பதே காரணம். டங்கன் புரூஸும் சக ஆய்வாளர்களும் 1986-இல் அறிவித்த வெள்ளி-ஸ்டில்பசோல் அணைவுகளைப் போன்ற நீண்ட, விறைப்பான தண்டு வடிவக் குடும்பங்களில்தான் நெமாட்டிக்கைத் தேட வேண்டும். உங்கள் திட்டம் நெமாட்டிக்கை நம்பியிருந்தால், ஒரு சாதாரண இமிடசோலியம் உப்பின் சங்கிலியைக் கூட்டிக் குறைத்து அதை அடைந்துவிடலாம் என்று எண்ணாதீர்கள்.

அடுக்கைத் தேர்ந்தெடுத்தால் கிடைப்பது இருபரிமாணப் பாதை. செய்வது எளிது, வெப்பநிலை வீச்சு அகலம், மூலக்கூறும் சிறியது. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. பல அயனி ஸ்மெக்டிக்குகள் கண்ணாடிமேல் வைத்துக் குளிர்வித்தால் யாரும் ஒன்றும் செய்யாமலே கண்ணாடிக்கு இணையாக அடுக்கிக்கொள்கின்றன. இரண்டு தட்டு மின்முனைகளுக்கு நடுவே இப்படி ஒரு படலத்தை வைத்து அளந்தால் மின்னோட்டம் அடுக்குகளைக் குறுக்கே தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வோர் அடுக்கிலும் கொழுப்புச் சங்கிலிச் சுவர் குறுக்கே நிற்கிறது. அதே படலத்தின் கீழே சீப்புப் பல் வடிவ மின்முனைகளை வைத்து அளந்தால் மின்னோட்டம் அடுக்கின் வழியாகவே ஓடும். எண் பல மடங்கு உயரும். ஒரே பொருள், ஒரே நாள், இரண்டு விடைகள். கட்டுரைகளில் வரும் கடத்துதிறன் எண்களை ஒப்பிடும்போது எந்த மின்முனை, எந்தத் திசை என்று பார்க்காமல் ஒப்பிட்டால் பொருளே இல்லை.

மின்கலத்தில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இரு மின்முனைகளும் நேருக்கு நேர் நிற்கின்றன. அயனி படலத்தின் தடிமனைத் தாண்டிப் போக வேண்டும். தானாகவே அழகாக அடுக்கிக்கொள்ளும் ஸ்மெக்டிக், அங்கே மோசமான திசையில் அடுக்கிக்கொண்டிருக்கும். ஆய்வறிமுகங்களில் "ஒழுங்கான அயனிப் பாதை" என்று பொதுவாக எழுதும்போது இந்த முரண் மறைந்துபோகிறது. எனக்கு இந்த ஒரு விஷயமே அடுக்கமைப்பை மின்கல மின்பகுளிக்கான முதல் தேர்வாகச் சொல்லத் தயக்கம் தருகிறது.

தூண் நிலை எப்படி வருகிறது? தலை சிறிதாகவும் வால் பருத்தும் இருந்தால், அதாவது ஒரு பென்சீன் வளையத்தில் மூன்று ஆல்காக்சிச் சங்கிலிகள் விரிந்து மூலக்கூறே ஆப்பு வடிவில் இருந்தால், தட்டையான அடுக்கில் அதற்கு இடம் போதாது. ஆப்புகள் வட்டமாகச் சேர்ந்து தட்டாகின்றன, தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று தூணாகின்றன. அயனிகள் தூணின் மையத்தில் ஓடுகின்றன, சங்கிலிகள் வெளியே உறைபோலச் சூழ்கின்றன. தகாஷி காட்டோ, மசாஃபுமி யோஷியோ ஆகியோரின் டோக்கியோ பல்கலைக்கழகக் குழு 2000-களில் இந்த ஒற்றைப்பரிமாண ஓட்டத்தை விரிவாகக் காட்டியது. திரவத்தைச் சறுக்கித் தேய்த்துத் தூண்களை ஒரே திசையில் வரிசைப்படுத்தினால் அந்தத் திசையில் அயனி ஓட்டம் தெளிவாகக் கூடுகிறது. மூலக்கூறின் முனையில் பலபடியாகும் தொகுதியை வைத்திருந்தால், வரிசைப்படுத்திய பின் புற ஊதா ஒளியில் உறைய வைத்துப் படலமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

தூணின் பலவீனம் வரிசைப்படுத்தலிலேயே இருக்கிறது. சிறு சிறு திட்டுகளாகப் பல திசை நோக்கி நிற்கும் தூண்களில், ஒரு திட்டின் எல்லையில் அயனியின் பாதை முட்டி நின்றுவிடும். அடுக்கில் இரண்டு திசை உண்டு, சுற்றிப் போகலாம். தூணில் அந்த வசதியும் கிடையாது. படலத்துக்குச் செங்குத்தாகத் தூண்களை நிறுத்துவது, நீளவாக்கில் படுக்க வைப்பதைவிட மிகக் கடினம். பெரிய பரப்பில் இதைச் செய்ய வேண்டியிருந்தால் இரண்டு முறை யோசியுங்கள்.

மூன்றாவது, இருதொடர்க் கனசதுர நிலை. பெயர் மிரட்டினாலும் கருத்து எளிது. அயனிப் பகுதியும் சங்கிலிப் பகுதியும் ஒன்றுக்குள் ஒன்று பின்னி, இரண்டுமே எங்கும் அறுபடாமல் மூன்று திசையிலும் தொடர்கின்றன. கைராய்டு என்னும் வடிவம் இதில் பிரபலம். எந்தத் திட்டு எந்தத் திசையில் நின்றாலும் பாதை தொடரும். வரிசைப்படுத்த வேண்டிய தொல்லையே இல்லை. இச்சிகாவா, யோஷியோ, காட்டோ, ஓனோ ஆகியோர் 2007-இல் ஆப்பு வடிவ அயனி மூலக்கூறுகளில் இந்த நிலையைக் காட்டி, வரிசைப்படுத்தாத தூண் நிலையைவிட இதில் அயனிகள் எளிதாக நகர்வதையும் காட்டினார்கள். விலை என்னவென்றால், அடுக்குக்கும் தூணுக்கும் நடுவே உள்ள ஒரு குறுகிய இடுக்கில்தான் இந்த நிலை வாழ்கிறது. சங்கிலியில் இரண்டு கார்பன் கூடினாலோ எதிர் அயனி மாறினாலோ நழுவிவிடும். பிசுபிசுப்பும் மிக அதிகம்.

இருந்தாலும், படலத்தின் தடிமனைத் தாண்டி ஏதாவது போக வேண்டிய எந்த வேலைக்கும் என் வாக்கு கனசதுர நிலைக்கே. மூலக்கூறைத் தொகுத்துச் செய்வதில் கூடுதலாகச் செலவாகும் சில மாதங்கள், பின்னால் வரிசைப்படுத்தும் போராட்டத்தில் மிச்சமாகும்.

நான்காவதாக ஒரு வழி உண்டு, பலர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. மூலக்கூறை அயனியாக்காமல், ஹைட்ராக்சில் முனை கொண்ட சாதாரண திரவப் படிக மூலக்கூறோடு சாதாரண அயனித் திரவத்தைக் கலப்பது. அயனித் திரவம் ஹைட்ராக்சில் பக்கம் ஒதுங்கித் தானே அடுக்காகிறது. இந்த வழியில் நேர் அயனியும் எந்தச் சங்கிலியிலும் கட்டப்படாமல் உலவுகிறது, விகிதத்தை வேண்டியபடி மாற்றலாம், தொகுப்பு வேலையும் பாதியாகிறது. கசிவும் காலப்போக்கில் பிரிந்து போவதும்தான் இதன் ஆபத்து.

எதிர் அயனியில்தான் முடிவு

நேர் அயனியை மாற்றாமல் எதிர் அயனியை மட்டும் மாற்றினால் திரவப் படிக நிலை முழுதாகவே மறைந்துபோகலாம். நீண்ட சங்கிலி இமிடசோலியம் உப்புகளில் குளோரைடும் புரோமைடும் அகலமான ஸ்மெக்டிக் வீச்சைத் தருகின்றன. டெட்ராஃபுளோரோபோரேட் அடுத்தது; 1999-இல் ஹோல்பிரேயும் செட்டனும் வெளியிட்ட தொடரில் 12 கார்பன் முதலே திரவப் படிக நிலை தெரிந்தது. ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட்டில் 14 கார்பன் வேண்டும், அதிலும் வீச்சு சில டிகிரிதான். சங்கிலி 16, 18 என்று நீளும்போது வீச்சு வேகமாக அகல்கிறது. கடைசியில் வருவது பிஸ்-டிரைஃபுளோரோமீத்தேன்சல்போனைல் இமைடு, சுருக்கமாக டிஎஃப்எஸ்ஐ. எளிய இமிடசோலியம் உப்புகளில் இது வந்தால் திரவப் படிக நிலையே கிடைக்காது, நேராகத் தெளிந்த திரவம்தான்.

ஏன் இப்படி? ஹாலைடு (குளோரைடு, புரோமைடு போன்றது) சிறியது, மின்னூட்டம் செறிந்தது, இமிடசோலியத்தின் ஹைட்ரஜன்களோடு ஹைட்ரஜன் பிணைப்பில் இறுகி நிற்கிறது. அயனி அடுக்கு கெட்டியாக இருப்பதால் சங்கிலிகள் உருகிய பின்னும் அடுக்கு கலைவதில்லை. டிஎஃப்எஸ்ஐ பெரியது, வளையக்கூடியது, மின்னூட்டம் பல அணுக்களில் பரவியது. அடுக்கைப் பிடித்து வைக்க அதனிடம் பிடியில்லை.

இங்கேதான் வருத்தமான உண்மை ஒன்று இருக்கிறது. அடுக்கைப் பிடித்து வைக்கும் அதே பிடிதான் அயனியை ஓடவிடாமலும் தடுக்கிறது. குளோரைடு நல்ல ஒழுங்கைக் கொடுத்து மோசமான ஓட்டத்தைக் கொடுக்கும். டிஎஃப்எஸ்ஐ நல்ல ஓட்டத்தைக் கொடுத்து ஒழுங்கைக் கெடுக்கும். மின்வேதியியலில் டிஎஃப்எஸ்ஐதான் வேண்டும் என்றால், வெறும் ஆல்கைல் சங்கிலியை நம்பாமல், பைஃபினைல் போன்ற விறைப்பான தொகுதியையோ மூன்று வால் ஆப்பையோ மூலக்கூறில் சேர்த்து ஒழுங்கை வேறு வழியில் சம்பாதித்துக்கொள்ள வேண்டும்.

மற்ற கணக்குகளும் உண்டு. ஹாலைடுகள் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். நீர் ஏறியதும் மாற்ற வெப்பநிலைகள் நகர்ந்துவிடும். வெப்ப அளவீட்டின் முதல் சுற்றும் இரண்டாம் சுற்றும் ஒத்துப்போகாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட்டும் டெட்ராஃபுளோரோபோரேட்டும் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் நீராற்பகுப்படைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடை வெளிவிடக்கூடியவை. அது கண்ணாடியையே அரிக்கும், கையாளுகிறவருக்கும் ஆபத்து. உயர் வெப்பநிலையில் நெடுநேரம் வைக்க வேண்டிய வேலைக்கு இவற்றை நான் எடுக்க மாட்டேன். டிஎஃப்எஸ்ஐ நீரில் அசையாது, ஆனால் அதில் உள்ள டிரைஃபுளோரோமீத்தைல் தொகுதிகள் சூழலில் எளிதில் சிதையாதவை. அப்படிப்பட்ட சேர்மங்கள் மீதான கட்டுப்பாடுகள் இறுகிக்கொண்டே வருகின்றன. "பசுமைக் கரைப்பான்" என்ற பழைய முத்திரையை இந்தக் குடும்பத்தின் மேல் அப்படியே ஒட்டுவது சரியில்லை. சங்கிலி நீள நீள நீர்வாழ் உயிர்களுக்கு நச்சுத்தன்மை கூடுவதும் நன்கு தெரிந்ததே.

எதிர் அயனியை மாற்றும் வேலை தாளில் ஒரு வரிச் சமன்பாடு. மேசையில் அப்படியில்லை. நீண்ட சங்கிலி புரோமைடு நல்ல சோப்பு. நீரில் கரைத்துக் கரிமக் கரைப்பானோடு குலுக்கினால் பிரிபுனல் முழுவதும் நுரை எழும்பி, இரண்டு அடுக்குக்கும் நடுவே கோடு தெரியவே வெகுநேரம் ஆகும். குலுக்காமல் மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கழுவ வேண்டும். கழுவிய நீரை எடுத்து ஒரு துளி வெள்ளி நைட்ரேட் விட்டால் முதல் சில கழுவல்களில் வெளிர் மஞ்சள் வீழ்படிவு திரளும். பிறகு பால் கலந்ததுபோல் மங்கலாகும். கறுப்புப் பின்னணியில் பிடித்துப் பார்த்தும் மங்கல் தெரியாத வரை கழுவலை நிறுத்தக்கூடாது. மிச்சமிருக்கும் சொற்ப புரோமைடு மாற்ற வெப்பநிலையைச் சில டிகிரி நகர்த்தினால், அதைப் புதிய பொருளின் குணம் என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது.

இப்போது நேர் அயனி

இமிடசோலியத்தின் பலம் அதன் எளிமை. மீத்தைல் இமிடசோலையும் நீண்ட சங்கிலி புரோமோ ஆல்கேனையும் சேர்த்துச் சூடாக்கினால் போதும், பொருள் நல்ல விளைச்சலில் வரும். அறிந்த தரவுகளும் இந்தக் குடும்பத்தில்தான் அதிகம். ஒப்பிட்டுப் பார்க்க ஏற்கனவே எண்கள் இருப்பது புதிதாகத் தொடங்குபவருக்குப் பெரிய துணை. பலவீனம், இரண்டு நைட்ரஜன்களுக்கு நடுவே உள்ள ஹைட்ரஜன். காரம் பட்டால் அது கழன்று, வளையம் கார்பீன் என்னும் வினைத்திறன் மிக்க பொருளாகும். குறைந்த மின்னழுத்தத்தில் ஒடுக்கமும் அடையும். லித்தியம் உலோகத்தோடு வைக்க இது சரிப்படாது.

பைரோலிடினியத்தில் அந்த ஹைட்ரஜன் இல்லை, அரோமாட்டிக் வளையமும் இல்லை. மின்வேதிச் சாளரம், அதாவது சிதையாமல் தாங்கும் மின்னழுத்த வீச்சு, அகலம். மின்கலம் நோக்கி வேலை செய்பவர் இதை முதலில் பார்க்கலாம். பாஸ்போனியம் பொதுவாக அதே மாதிரியான அம்மோனியத்தைவிட வெப்பத்தைத் தாங்கும். அம்மோனியம் உப்புகள் சூட்டில் ஹாஃப்மன் நீக்கம் அடைந்து ஆல்கீனாகவும் அமீனாகவும் சிதையும். ஆனால் பாஸ்போனியத்தின் பருத்த தலை ஒழுங்கைக் குலைப்பதால் அங்கே திரவப் படிக நிலைக்கு நீளமான சங்கிலிகள் வேண்டியிருக்கும். பிரிடினியம் மலிவு, ஆனால் எளிதில் ஒடுங்கும். அந்தக் குறையே இரு பிரிடின் வளையங்கள் இணைந்த வயலோஜனில் நிறையாகிறது: ஓர் எலக்ட்ரானை ஏற்றதும் நிறமற்றது நீலமாகும். மின்னழுத்தத்தில் நிறம் மாறும் கண்ணாடிகளுக்கு வயலோஜன் திரவப் படிகங்களை ஆராய்வது இதனால்தான். குவானிடினியம் ஆறு இடங்களில் பதிலீடு செய்ய இடம் தருகிறது. மூலக்கூறு வடிவத்தோடு விளையாட விரும்புகிறவர்களுக்கு அது நல்ல களம்.

நீரில் அல்லது வேறு கரைப்பானில் கலக்கும்போது மட்டும் ஒழுங்காகும் வகையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மேலே சொன்ன நீண்ட சங்கிலி ஹாலைடுகளே நீரில் அப்படியும் நடந்துகொள்ளும். செறிவை மாற்றி நிலையை மாற்றலாம் என்பது வசதி. கரைப்பான் ஆவியானால் எல்லாம் போய்விடும் என்பது தொல்லை. சிலிக்கா போன்ற திடப்பொருளை இதை வார்ப்பச்சாக வைத்து வளர்த்துவிட்டுப் பிறகு கரிமப் பொருளை எரித்து நீக்கும் வேலைக்கு இது நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே அச்சு எப்படியும் அழியத்தான் போகிறது.

வேலையை வைத்துத் தீர்மானித்தால்

சாய உணர்திறன் சூரிய மின்கலத்தில் (ஒளியைச் சாயம் உறிஞ்சும் வகை) அடுக்கமைப்பு உண்மையிலேயே தன் மதிப்பைக் காட்டியது. 2005-இல் யமனாகாவும் சக ஆய்வாளர்களும் டோடெசைல் மீத்தைல் இமிடசோலியம் அயோடைடோடு அயோடின் சேர்த்து மின்பகுளியாகப் பயன்படுத்தினார்கள். திரவப் படிகமாகாத அயனித் திரவத்தை வைத்த மின்கலத்தோடு ஒப்பிட்டால் இதன் பாகுநிலை அதிகம். ஆனாலும் மின்னோட்டமும் ஆற்றல் மாற்றத் திறனும் கூடின. அயோடைடும் பாலி அயோடைடும் அடுக்குகளுக்கு நடுவே நெருக்கமாகக் குவிந்ததால், அயனி உடல்பெயர்ந்து போகாமலே ஒன்றிடமிருந்து ஒன்று எலக்ட்ரானையும் பிணைப்பையும் கைமாற்றிக்கொண்டது. இங்கே நகர வேண்டியது எதிர் அயனி. நேர் அயனி சங்கிலியில் கட்டுண்டு அடுக்கைத் தாங்கி நிற்பது உதவியே.

லித்தியம் மின்கலத்தில் நிலைமை தலைகீழ். நகர வேண்டியது லித்தியம், நேர் அயனி. அயனித் திரவப் படிகத்தில் லித்தியம் உப்பைக் கலந்தால் லித்தியத்தைச் சுற்றி எதிர் அயனிகள் மொய்த்து எதிர்மின் கொத்தாகிவிடுகின்றன. மொத்தக் கடத்துதிறன் நன்றாகத் தெரிந்தாலும் அதில் லித்தியத்தின் பங்கு சிறிதாக இருக்கும். இதற்கு மாற்றாக காட்டோ குழு 2015-இல் காட்டிய வழி எனக்குப் பிடித்தது: மின்னூட்டமில்லாத, கார்பனேட் தொகுதி கொண்ட திரவப் படிக மூலக்கூறோடு லித்தியம் உப்பைக் கலந்து அடுக்காக்கி லித்தியம் அயனி மின்கலத்தில் ஓட்டுவது. அதன்படி பார்த்தால் லித்தியத்துக்கு அயனித் திரவப் படிகத்தைவிட, அயனியைத் தாங்கும் மின்னூட்டமற்ற திரவப் படிகமே நேர்மையான தேர்வு. தடிமன் திசைச் சிக்கல் அங்கும் தீர்ந்துவிடவில்லை.

நீர் சுத்திகரிப்புச் சவ்வில்தான் இந்தப் பொருள்களுக்கு உண்மையான எதிர்காலம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பலபடியாகும் ஆப்பு மூலக்கூறுகளைக் கனசதுர நிலையில் வைத்து ஒளியால் உறைய வைத்தால், ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த, எல்லாம் ஒரே அளவிலான வழிகள் கொண்ட மெல்லிய படலம் கிடைக்கிறது. 2012-இல் இத்தகைய சவ்வுகள் அயனிகளைத் தேர்ந்து கடத்துவதை ஆய்வாளர்கள் காட்டினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் வைரஸ்களை வடிகட்டுவதிலும் அவற்றின் திறனைக் காட்டின. சாதாரணப் பலபடிச் சவ்வில் துளைகள் பெரிதும் சிறிதுமாகச் சிதறியிருக்கும். இங்கே துளையின் அளவை மூலக்கூறே தீர்மானிக்கிறது. வழியின் சுவரில் நிற்கும் மின்னூட்டமும் வடிகட்டலில் பங்கெடுக்கிறது. கடத்துதிறன் குறைவு என்ற குறை இங்கே குறையே இல்லை. பெரிய பரப்பில் ஓட்டையின்றிப் படலம் எடுப்பதுதான் மிச்சமிருக்கும் கடினமான வேலை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், கிடைத்த நிலைக்குப் பெயர் சூட்டும் முன் போலரைசிங் நுண்ணோக்கியில் (தளவிளைவுற்ற ஒளியில் பார்க்கும் கருவி) உட்கார்ந்து பாருங்கள். தெளிந்த திரவம் குளிரும்போது முதலில் கறுப்பு வெளியில் சிறு ஒளிக்குச்சிகள் தோன்றி, நீண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து விசிறி விசிறியாக விரியும். அது ஸ்மெக்டிக் ஏ-யின் முகம். சில இடங்கள் மறுபடி கறுத்துப்போகும். திரவமாகிவிட்டதோ என்று தோன்றும். மேல்கண்ணாடியை ஊசியால் லேசாகத் தள்ளினால் அந்தக் கறுப்பில் ஒளி மின்னினால் அடுக்கு கண்ணாடிக்கு இணையாகப் படுத்திருக்கிறது என்று பொருள். தள்ளியும் கறுப்பு மாறாமல், பொருள் நகரவே மறுத்து, உள்ளே சிக்கிய காற்றுக் குமிழி வட்டமாக இல்லாமல் கோணலாக நின்றால் கனசதுர நிலையைச் சந்தேகியுங்கள். நுண்ணோக்கி சந்தேகிக்க மட்டுமே உதவும். எக்ஸ் கதிர்ச் சிதறல் கோடுகளின் விகிதம்தான் அடுக்கா, அறுகோணத் தூணா, கனசதுரமா என்று உறுதியாகச் சொல்லும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஹெக்சாடெசைல் மீத்தைல் இமிடசோலியம் புரோமைடை ஒரே தொகுப்பில் நிறையச் செய்துகொள்ளுங்கள். ஒரு பங்கை அப்படியே உலர்த்தி வையுங்கள். ஒரு பங்கை டெட்ராஃபுளோரோபோரேட்டாக மாற்றுங்கள், இன்னொன்றை டிஎஃப்எஸ்ஐ-யாக மாற்றுங்கள். மூன்றையும் ஒரே நுண்ணோக்கியில், ஒரே வேகத்தில் குளிர்வித்துப் பாருங்கள். முதல் இரண்டிலும் விசிறிகள் விரியும், மூன்றாவதில் விரியாது. பிறகு முதல் இரண்டையும் தட்டு மின்முனையிலும் சீப்பு மின்முனையிலும் மாற்றி மாற்றி அளந்து, நான்கு எண்களையும் அருகருகே எழுதி வைத்துக்கொண்டு, அதன் பிறகு உங்கள் சொந்த மூலக்கூறை வரையத் தொடங்குங்கள்.